புலம்பல் வேறு, சாட்சியம் வேறு: இன்றைய பிக்கப் எஞ்சின்களைப் பற்றிச் சில சிந்தனைகள்

 

வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் தன் சேமிப்பின் பெரும்பகுதியைச் செலவிட்டு வாங்கும் பொருள் வாகனம்தான். அமெரிக்காவில் கட்டட வேலை, மின்சார வேலை, உணவு வினியோகம், பண்ணை எனத் தொழில் செய்து பிழைப்போருக்கு அந்த வாகனம் பெரும்பாலும் பிக்கப்பாகவே இருக்கிறது. முன்னால் குடும்பம் அமர்கிறது. பின்னால் தொழில் ஏறுகிறது. ஐம்பது, அறுபது ஆயிரம் டாலர் விலையுள்ள அந்த வாகனத்தின் எஞ்சின் ஒருநாள் நடுச்சாலையில் நின்றுபோனால், பயணத்தோடு அந்தக் குடும்பத்தின் வருமானமும் நின்றுபோகிறது.

ஆகவே, எந்த எஞ்சின் நம்பத்தக்கது என்று மக்கள் கவலையோடு விசாரிப்பதில் வியப்பில்லை. வியப்பு, அவர்களுக்குக் கிடைக்கும் பதிலில்தான் இருக்கிறது. "இப்போது வருகிற எஞ்சின் எதுவுமே உருப்படியில்லை, பழைய வி8 போல் வராது" என்கிறார் ஒருவர். "அந்தக் கம்பெனி வண்டியா? கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்கிறார் இன்னொருவர். இருவருமே உறுதியாகப் பேசுகிறார்கள். எத்தனை வாகனங்களில் எத்தனை பழுதாயின, எந்த ஆண்டில் தயாரானவை, பழுதுக்குக் காரணம் என்ன என்று கேட்டால் இருவரிடமும் விடை இருப்பதில்லை.

ஒரு மனிதரைப் பற்றி இப்படி ஒரு செய்தி வந்தால், தீர விசாரிக்காமல் நம்பலாகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஒரு பொருளைப் பற்றிய செய்திக்கும் அந்த ஒழுங்கு தேவை என்பதே இக்கட்டுரையின் வாதம். எஞ்சினைப் பற்றி உரிமையாளர் சொல்வது புலம்பலாக இருந்தால் அது வதந்தியாகி நல்ல பொருளையும் கெடுக்கிறது. அதுவே சாட்சியமாக இருந்தால் ஒரு பெரிய நிறுவனத்தையே பதில் சொல்ல வைக்கிறது. இரண்டுக்கும் அண்மைக்கால நிகழ்வுகளிலேயே சான்றுகள் உள்ளன.

என்ன மாறியது?

ஒரு தலைமுறைக் காலம் அமெரிக்கப் பிக்கப் என்றால் எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய வி8 எஞ்சின்தான். எரிபொருள் சிக்கனத்துக்கும் புகை அளவுக்கும் அரசு விதித்த வரம்புகள் இறுக இறுக, நிறுவனங்கள் மாற்றுவழி தேடின. ஃபோர்டு 2011ஆம் ஆண்டு மாடல் எஃப்-150 வாகனத்தில் இரட்டை டர்போ பொருத்திய 3.5 லிட்டர் வி6 எஞ்சினைக் கொடுத்தது. டொயோட்டா 2022 மாடல் டன்ட்ராவில் 5.7 லிட்டர் வி8 எஞ்சினைக் கைவிட்டு, இரட்டை டர்போ கொண்ட சுமார் 3.4 லிட்டர் வி6 எஞ்சினுக்கு மாறியது. ராம் நிறுவனம் 2025 மாடலில் புகழ்பெற்ற ஹெமி வி8 எஞ்சினை நீக்கி, இரட்டை டர்போ கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினை முன்வைத்தது.

வி8 எஞ்சினையே தொடர்ந்து பயன்படுத்திய நிறுவனங்களும் அதைப் பழையபடி விட்டுவைக்கவில்லை. சுமை குறைவாக இருக்கும்போது சில சிலிண்டர்கள் தாமாகவே ஓய்வெடுக்கும் ஏற்பாடு வந்தது. எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் முறை வந்தது. உராய்வைக் குறைக்க 0டபிள்யூ-20 போன்ற நீர்த்த எஞ்சின் ஆயில் வந்தது. பாகங்கள் கூடின, நுணுக்கம் கூடியது, மெக்கானிக் கண்ணால் பார்த்துக் காதால் கேட்டுச் சொல்லிவிடக்கூடிய எளிமை குறைந்தது.

மாற்றம் வந்த இடத்தில் அச்சமும் வந்தது. "சின்ன எஞ்சினை டர்போ வைத்து வருத்தினால் எத்தனை நாள் தாங்கும்?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேள்வி கேட்பது ஒன்று. கேள்வியையே தீர்ப்பாக்கிவிடுவது வேறொன்று.

மூன்று உண்மையான பழுதுகள்

அண்மை ஆண்டுகளில் பெரிதாகப் பேசப்பட்ட மூன்று பழுதுகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, டொயோட்டா. 2024 மே மாத இறுதியில் அந்நிறுவனம் 2022, 2023 மாடல் டன்ட்ராக்களையும் அதே எஞ்சின் கொண்ட லெக்ஸஸ் எல்எக்ஸ் வாகனங்களையும் அமெரிக்காவில் ரீகால் செய்தது. எண்ணிக்கை ஏறத்தாழ 1,02,000. தொழிற்சாலையில் எஞ்சின் பாகங்களைக் கடையும்போது விழுந்த உலோகத் துகள்கள் முழுமையாக அகற்றப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டன. அவை கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகளைத் தின்றன. எஞ்சின் தட்டும், சீராக ஓடாது, சில வேளைகளில் ஓட்டத்திலேயே நின்றுவிடும். தீர்வாக எஞ்சினையே மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. நம்பகத்தன்மைக்கு மறுபெயர் என்று உலகம் சொல்லிவந்த நிறுவனத்துக்கு நேர்ந்தது இது. 2025ஆம் ஆண்டில் மேலும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் இதே காரணத்துக்காகச் சேர்க்கப்பட்டன.

இரண்டாவது, ஜெனரல் மோட்டார்ஸ். 2025 ஏப்ரல் மாதம் 2021 முதல் 2024 வரையிலான மாடல்களில் 6.2 லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட சில்வராடோ, சியரா பிக்கப்புகளையும், அதே எஞ்சின் கொண்ட பெரிய எஸ்யூவிகளையும் அது ரீகால் செய்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 இலட்சம் வாகனங்கள். உலக அளவில் ஏறத்தாழ 7,21,000. கனெக்டிங் ராடுகளிலும் கிராங்க் ஷாஃப்டின் ஆயில் பாதைகளிலும் கசடு தங்கியிருந்ததும், கிராங்க் ஷாஃப்டின் அளவும் மேற்பரப்பும் குறித்த தரத்தில் இல்லாததும் காரணங்களாகக் கூறப்பட்டன. பரிசோதனையில் தேறாத எஞ்சின்களைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ வேண்டும். தேறியவற்றில் 0டபிள்யூ-20க்குப் பதிலாகக் கெட்டித்தன்மை கூடிய 0டபிள்யூ-40 ஆயில் ஊற்ற வேண்டும் என்பது தீர்வு.

மூன்றாவது, ஃபோர்டு. 2024 ஆகஸ்ட் மாதம் 2021, 2022 மாடல்களில் 2.7 லிட்டர், 3.0 லிட்டர் டர்போ எஞ்சின் கொண்ட ஏறத்தாழ 91 ஆயிரம் வாகனங்கள் ரீகால் செய்யப்பட்டன. எஃப்-150 பிக்கப்பும் அவற்றுள் அடக்கம். உள்ளிழுக்கும் வால்வுகள் செய்யப்பட்ட உலோகக் கலவை, கடைசலின்போது அளவுக்கு மீறிச் சூடானால் கடினப்பட்டு நொறுங்கும் தன்மையை அடைந்துவிடுகிறது. வால்வு உடைந்து சிலிண்டருக்குள் விழுந்தால் எஞ்சின் அதோடு முடிந்தது.

இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பொதுப்பேச்சில் குற்றவாளியாக நிறுத்தப்படுவது சின்ன எஞ்சினும் டர்போவும். ஆனால் மூன்றிலும் மிகப்பெரிய ரீகால், டர்போ இல்லாத பழைய பாணி வி8 எஞ்சினுக்கு வந்தது. டர்போ கொண்ட மற்ற இரண்டிலும் வெளியிடப்பட்ட காரணம் டர்போ அன்று. ஒன்றில் அகற்றப்படாத துகள், மற்றதில் வால்வின் உலோகம். மூன்றுமே தொழிற்சாலையின் துப்புரவிலும் துல்லியத்திலும் நேர்ந்த குறைகள். நீர்த்த ஆயிலும் நெருக்கமான இடைவெளிகளும் இத்தகைய குறைகளைப் பொறுத்துக்கொள்ளும் அளவைக் குறைத்துவிடுகின்றன என்று மெக்கானிக்குகள் பலர் வாதிடுகிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கெட்டியான ஆயிலைப் பரிந்துரைத்திருப்பதை நோக்க, அந்த வாதத்தைப் புறந்தள்ள இயலாது. இருந்தும், "புதிய எஞ்சின் எல்லாம் கெட்டது" என்ற முடிவுக்கு இது ஆதாரமாகாது.

நூற்றில் எத்தனை?

ஒரு செய்தியை எடைபோட முதலில் கேட்க வேண்டியது, "எத்தனையில் எத்தனை?" என்பது. டொயோட்டாவின் 1,02,000 வாகனங்களில் இந்தப் பழுது உண்மையில் இருக்கக்கூடியவை நூற்றுக்கு ஒன்று என்பது நிறுவனம் அரசுக்குக் கொடுத்த மதிப்பீடு. ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்த மதிப்பீடு நூற்றுக்கு மூன்று. அதாவது, ரீகால் பட்டியலில் தன் வாகனம் இருப்பதைக் கண்டு உறக்கமிழந்த நூறு பேரில், நிறுவனக் கணக்கின்படியே, தொண்ணூற்றேழு பேருக்கு மேல் அந்தப் பழுதைக் காணப்போவதில்லை.

மதிப்பீடு நிறுவனத்துடையதாயிற்றே, அதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். கேட்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் ஆவணத்திலேயே, இப்பழுதோடு தொடர்புடையதாக இருக்கக்கூடிய முறையீடுகளும் நிகழ்வுகளும் அமெரிக்காவில் 28,102 எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. அவற்றுள் 14,332 முறையீடுகள் ஓட்டத்தில் இழுவை நின்றுபோனதாகக் கூறின. ஆறு இலட்சத்தில் நூற்றுக்கு மூன்று என்றால் 18 ஆயிரம்தான். முறையீடுகளோ அதைவிட அதிகம். தொடர்பிருக்கக்கூடும் என்பதற்கும் தொடர்பு உறுதியானது என்பதற்கும் இடையே உள்ள தூரம் இது. நூற்றுக்கு மூன்றா, ஐந்தா என்பதில் வேறுபாடு இருக்கலாம். நூற்றுக்கு ஐம்பது என்று யாரும் சொல்ல வழியில்லை.

அதே வேளையில், நூற்றுக்கு மூன்று என்பதைச் சிறியது என்று தட்டிக்கழிப்பதும் நீதியாகாது. வேகமாக விரையும் நெடுஞ்சாலையில், பின்னால் பிள்ளைகள் அமர்ந்திருக்க, வாகனம் திடீரென இழுவையிழந்தால் அந்தத் தந்தைக்கு அது நூற்றுக்கு நூறு. ஒரு வாகனத்தையே நம்பித் தொழில் நடத்துபவருக்கும் அப்படித்தான். மாற்று எஞ்சின் வரக் காத்திருக்கும் காலமெல்லாம் வருமானமின்றி இருக்க வேண்டியவர் அவர். எண்ணிக்கை குறைவு என்பது நமது அச்சத்தை அளவோடு நிறுத்த உதவ வேண்டும். பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்க அது பயன்படலாகாது.

பழையது எல்லாம் பொன்னா?

"அந்தக் காலத்து எஞ்சின்" என்ற பெருமூச்சையும் சற்று உரசிப் பார்ப்போம். சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை பெரும்பாலான அமெரிக்க வாகனங்களின் ஓடோமீட்டரில் மைலைக் காட்ட ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999 மைலுக்குப் பிறகு அது மீண்டும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். ஓர் இலட்சம் மைல் ஓடுவதே பெரிது என்று கருதப்பட்ட காலம் அது. இன்றோ இரண்டு இலட்சம் மைல், அதாவது ஏறத்தாழ 3,20,000 கிலோமீட்டர் ஓடாவிட்டால் உரிமையாளர் ஏமாற்றப்பட்டதாகவே கருதுகிறார். அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார், பிக்கப் வகை வாகனங்களின் சராசரி வயது 2024ஆம் ஆண்டில் 12.6 எனக் கணக்கிடப்பட்டது. நம்பிக்கையற்ற எஞ்சின்களைக் கொண்டு அத்தனை வயதை எட்ட முடியாது.

பழைய எஞ்சின்களிலும் பெரும் பழுதுகள் இருந்தன. 1978இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த 5.7 லிட்டர் ஓல்ட்ஸ்மொபில் டீசல் எஞ்சின் அதன் பிக்கப்புகளிலும் பொருத்தப்பட்டது. சிலிண்டர் ஹெட்டைப் பிணைக்கும் போல்ட்டுகள் டீசலின் அழுத்தத்தைத் தாங்கவில்லை. எரிபொருளில் கலந்த நீரைப் பிரிக்கும் சாதனமும் அதில் இல்லை. அமெரிக்கர்கள் டீசல் கார் என்றாலே முகம் சுளிக்கும்படி அது செய்துவிட்டது. 2004 முதல் சில ஆண்டுகள் வந்த ஃபோர்டின் 5.4 லிட்டர் வி8 எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றப்போனால், அதன் பாதி ஒடிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மெக்கானிக்குகள் அதை எடுப்பதற்கென்றே தனிக்கருவி வாங்கி வைத்திருந்தார்கள்.

இவற்றையெல்லாம் நாம் மறந்துவிடக் காரணம் எளிது. கெட்டுப்போன பழைய வாகனங்கள் இரும்புக்கடைக்குப் போய் உருகிவிட்டன. இன்றும் சாலையில் ஓடி நம் கண்ணில் படும் முப்பது வயது பிக்கப், தப்பிப் பிழைத்த சிலவற்றுள் ஒன்று. பிழைத்ததை மட்டும் பார்த்து, அந்தக் காலத்து வண்டிகள் அனைத்தும் இப்படித்தான் இருந்தன என்று முடிவுகட்டுகிறோம்.

ஹெமி எஞ்சினின் கதை இதற்கு நல்ல சான்று. அதை நீக்கிய ராம் நிறுவனம் வாடிக்கையாளரின் மனக்குறையைத் தாங்க முடியாமல், 2025 ஜூன் மாதம் அதே எஞ்சினை 2026 மாடலில் மீண்டும் தருவதாக அறிவித்தது. பலரும் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் லிஃப்டரும் கேம் ஷாஃப்டும் தேய்ந்து டிக் டிக் என்று ஒலி எழுப்பும் குறைக்குப் பெயர்போனதும் அதே ஹெமிதான். அந்த ஒலிக்கு 'ஹெமி டிக்' என்ற பட்டப்பெயரே உண்டு. பழகிய குறையை மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பழகாத எஞ்சினிடம் அது செய்யாத குற்றத்துக்கும் அஞ்சுகிறார்கள்.

குறையில்லாத ஒலியும், கேட்கப்படாத எச்சரிக்கையும்

புதிய வாகனம் வாங்கியவர் முதலில் அஞ்சுவது ஒலிக்கு. எரிபொருளை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் பம்பும் இன்ஜெக்டர்களும் இயல்பாகவே கடகடவென்று சிறு ஒலி எழுப்பும். குளிர்ந்த எஞ்சின் முதல் ஒரு நிமிடம் சற்று உரக்கவே ஓடும். சில சிலிண்டர்கள் ஓய்வுக்குப் போகும்போது வாகனத்தில் மெல்லிய அதிர்வு தோன்றும். சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்து மீண்டும் இயங்கும். இவை எவையும் பழுதல்ல. முன்பு இல்லாதவை என்பதால் பழுதெனத் தோன்றுகின்றன.

தர ஆய்வுகளைப் படிக்கும்போதும் இந்தக் கவனம் தேவை. ஜே.டி. பவர் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஆய்வு, நூறு வாகனங்களுக்கு எத்தனை குறைகளை உரிமையாளர்கள் சொன்னார்கள் என்று எண்ணுகிறது. அண்மை ஆண்டுகளில் அதில் அதிகக் குறை பெற்ற பிரிவு திரை, கைபேசி இணைப்பு, குரல் கட்டளை முதலியவை அடங்கிய பிரிவாகும். கைபேசி இணையவில்லை என்பதும் ஒரு குறை. எஞ்சின் நின்றுவிட்டது என்பதும் ஒரு குறை. மொத்த எண்ணை மட்டும் பார்த்து, இந்த வாகனம் மோசம் என்று சொல்பவர் எதைச் சொல்கிறார் என்பதை அவரே அறியமாட்டார்.

இதற்கு மறுபுறமும் உண்டு. அஞ்ச வேண்டிய அடையாளங்களை நாம் கண்டுகொள்வதில்லை. வேகம் கூட்டும்போது எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து கனமான தட்டல் கேட்பது, ஆயில் அழுத்தம் இறங்குவது, இரண்டு சர்வீஸ்களுக்கு இடையே ஆயில் குறைந்துகொண்டே வருவது, வடித்த ஆயிலில் உலோகப்பொடி மினுமினுப்பது ஆகியவை உண்மையான எச்சரிக்கைகள். வாகனம் வாங்கிய நாள் முதல் பானட்டைத் திறந்து ஆயில் அளவுக்குச்சியை உருவிப் பார்க்காதவர்கள் எத்தனை பேர்! டன்ட்ராவுக்கு 10,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்ற வாக்கியம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. சுமை இழுத்தால், புழுதிப் பாதையில் ஓடினால் 5,000 மைலிலேயே மாற்ற வேண்டும் என்று அதே கையேட்டில் உள்ள மற்றொரு வாக்கியம் நினைவில் நிற்பதில்லை. பிக்கப் வாங்குவதே சுமை ஏற்றத்தானே!

சாட்சியத்தின் ஆற்றல்

உரிமையாளர்கள் சொல்வதையெல்லாம் மனப்பிரமை என்று ஒதுக்குவது நம் நோக்கமன்று. மேலே கண்ட பழுதுகள் வெளிவந்ததில் உரிமையாளர்களுக்குப் பெரும் பங்குண்டு.

ஃபோர்டு வால்வு விவகாரத்தின் தொடக்கம், 2022இல் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குச் சென்ற மூன்று கடிதங்கள். அதே 2.7 லிட்டர் எஞ்சின் கொண்ட பிரான்கோ வாகனங்களில் எஞ்சின் முற்றிலும் செயலிழந்ததாக அவை முறையிட்டன. அந்த மூன்று கடிதங்களில் தொடங்கிய விசாரணை, இரண்டு ஆண்டுகள் கழித்து ஏறத்தாழ 91 ஆயிரம் வாகனங்களின் ரீகாலில் முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் மீது 2025 ஜனவரியில் விசாரணை தொடங்கியபோது அந்த நிர்வாகத்தின் கையில் இருந்த உரிமையாளர் முறையீடுகள் 39. மூன்று மாதங்களில் ஆறு இலட்சம் வாகனங்களுக்குத் தீர்வு அறிவிக்கப்பட்டது.

தேநீர்க் கடையிலும் உறவினர் கூட்டத்திலும் ஆயிரம் பேர் புலம்பியிருப்பார்கள். விசாரணைக்கு வழிவகுத்தது, உரிய இடத்தில் உரிய முறையில் பதிவான சில பத்து முறையீடுகள். புலம்பலுக்கும் சாட்சியத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். சாட்சியத்தில் நாள் இருக்கும். மைல் கணக்கு இருக்கும். வாகனத்தின் 17 இலக்க அடையாள எண் இருக்கும். எந்தச் சூழலில் என்ன நேர்ந்தது என்ற விவரம் இருக்கும். தான் கண்டதை மட்டும் சொல்லும்; கேள்விப்பட்டதைச் சேர்க்காது.

இதற்காக ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டியவை எளியவை. வாகனத்துக்கென ஒரு குறிப்பேடு வையுங்கள். ஆயில் மாற்றிய ஒவ்வொரு ரசீதையும் பாதுகாத்து வையுங்கள். நீங்களே மாற்றினாலும் ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய ரசீது இருக்கட்டும். ஆயிலை வெளியே மாற்றினார் என்பதற்காக மட்டுமே உத்தரவாதத்தை மறுக்க அமெரிக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆனால் மாற்றியதற்குச் சான்று உங்களிடம் இருக்க வேண்டும். சந்தேகமான ஒலி கேட்டால், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கைபேசியில் பதிவு செய்யுங்கள். சர்வீஸ் நிலையத்தில் "எல்லா வண்டியும் இப்படித்தான் சத்தம் போடும்" என்று சொன்னால், கோபப்படாமல் அதையே பணிச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். டொயோட்டா, ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகியவை எஞ்சினுக்கு வழக்கமாகத் தரும் உத்தரவாதம் ஐந்து ஆண்டுகள் அல்லது 60,000 மைல், இவற்றில் எது முந்துகிறதோ அது. அக்காலத்துக்குள் எழுத்தில் பதிவான முறையீடு, பின்னாளில் பழுது முற்றும்போது உங்களுக்காகப் பேசும்.

விற்பவரின் பொறுப்பு

இதுவரை வாங்குபவரைப் பற்றிப் பேசினோம். நாம் ஒவ்வொருவரும் ஒருநாள் விற்பவராகவும் நிற்கிறோம். ரீகால் வேலை முடியாத புதிய வாகனத்தை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கலாகாது என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். பெரிய வாடகை நிறுவனங்களுக்கும் அத்தகைய தடை உண்டு. ஆனால் பயன்படுத்திய வாகனத்தை அப்படியே விற்பதை அச்சட்டம் தடுப்பதில்லை. ரீகால் வேலை முடிக்கப்படாத ஒரு பிக்கப்பைக் கழுவித் துடைத்து, சட்டத்தை மீறாமலே இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டிவிடலாம்.

சட்டம் அனுமதிப்பதை நம் மனச்சாட்சி அனுமதிக்குமா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு, ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்த நிகழ்வை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். கெட்டியான ஆயிலை ஊற்றித் தட்டும் ஒலியை இரண்டு நாளைக்கு அடக்கி விற்பதும் அந்த ஈரத்தை மறைப்பதே. குறையைச் சொல்லி விற்றால் சில ஆயிரம் டாலர் குறையலாம். அந்தக் குறைவு நம் பொருளில் உள்ள குறையின் விலை. அதை அறியாத ஒருவர் செலுத்த வேண்டியதன்று.

வளைகுடா நாடுகளில் வாழும் நம்மவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. அமெரிக்காவில் விபத்துக்குள்ளானவையும் ஏலத்தில் கழிக்கப்பட்டவையும் எனப் பல பிக்கப்புகள் அங்குள்ள பழைய வாகனச் சந்தைகளுக்கு வந்து சேர்கின்றன. விலை மலிவு, தோற்றம் பளபளப்பு. அத்தகைய ஒன்றை வாங்குமுன் 17 இலக்க அடையாள எண்ணை அமெரிக்கப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையத் தேடலில் இட்டுப் பார்த்தால், முடிக்கப்படாத ரீகால் உண்டா என்பது கட்டணமின்றியே தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை இது. பல ஆண்டு உழைப்பின் சேமிப்பைக் காக்கக்கூடிய ஐந்து நிமிடங்கள்.

முடிவாக

"எந்தக் கம்பெனி எஞ்சின் நல்லது?" என்பது விடையில்லாத கேள்வி. 2022 மாடலில் பெரும் பழுது கண்ட நிறுவனத்தின் 2015 மாடல் பல இலட்சம் மைல் ஓடியிருக்கலாம். "இந்த மாடல், இந்த ஆண்டு, இந்த எஞ்சின்: இதில் அறியப்பட்ட பழுது என்ன? எத்தனையில் எத்தனை? அதன் முதல் அறிகுறி எது? தீர்வு உண்டா? இந்தக் குறிப்பிட்ட வாகனத்தில் அது செய்யப்பட்டதா? இதுவரை இதைப் பராமரித்தவர் யார்?" என்பவை விடையுள்ள கேள்விகள். இவற்றைக் கேட்டு வாங்குபவர் முழுப் பாதுகாப்புப் பெற்றுவிடுவார் என்று சொல்ல இயலாது. ஆனால் அவர் வதந்தியால் நல்ல வாகனத்தை இழக்கமாட்டார். பெயரை நம்பிக் கெட்ட வாகனத்தை வாங்கவுமாட்டார்.

அடுத்தமுறை எவரேனும் நம்மிடம் வந்து, இன்ன எஞ்சினை வாங்கலாமா என்று கேட்டால், நமக்கு நேரடியாகத் தெரிந்ததைச் சொல்வோம். நம் வாகனம் எத்தனை மைல் ஓடியது, எப்படிப் பராமரித்தோம், என்ன பழுது வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வோம். தெரியாததைத் தெரியாது என்போம். நம் ஒரு சொல்லை நம்பி அவர் தம் குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிடப் போகிறார் என்பதை மறவாதிருப்போம்.